வீட்டில் கறிவேப்பிலை வளர்ப்பது: முதல் ஆண்டில் பொறுமை, அதன்பின் கத்தரிக்கோல்

கறிவேப்பிலை வெப்பத்தை விரும்பும் பயிர். 26 முதல் 37 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் அது செழித்துத் தழைக்கும். 16 டிகிரிக்குக் கீழே இறங்கினால் குருத்து விடுவதை ஏறக்குறைய நிறுத்திவிடும். தமிழ்நாட்டின் சமவெளிகளில் ஆண்டின் பெரும்பகுதி அதற்கு ஏற்ற வெப்பம் இருப்பதால், இது நம் வீடுகளில் மிக எளிதாக வளர வேண்டிய செடி. ஆனாலும் நாற்றங்காலிலிருந்து பச்சையாக வாங்கிவந்த கன்று ஆறேழு மாதங்களில் உச்சியில் நான்கு இலைகளுடன் ஒற்றைக் குச்சியாக நிற்பதைப் பல மாடித் தோட்டங்களில் காண்கிறோம். வேர் பிடிப்பதற்கு முன்பே இலை பறிப்பதும், மண் காயுமுன் மீண்டும் மீண்டும் நீர் ஊற்றுவதும் முதல் ஆண்டில் செடியைக் கெடுக்கின்றன. அந்த ஆண்டைத் தாண்டிய செடியை வெட்டுவதற்கு மனம் வராமல் விட்டுவிடுவது பின்னாளில் அதை நோஞ்சானாக்குகிறது. எப்போது கைவைக்கக் கூடாது, எப்போது துணிந்து வெட்ட வேண்டும் என்ற இரண்டையும் அறிந்துகொண்டால், ஒரே செடி பல ஆண்டுகளுக்கு ஒரு குடும்பத்தின் தாளிப்புக்குப் போதுமான இலையைத் தரும்.

கடையில் காய்கறியோடு கொசுறாகக் கிடைக்கும் இலைக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சந்தைக் காய்கறிகளில் பூச்சிக்கொல்லி எச்சத்தை ஆய்ந்து கேரள வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டுவந்த அறிக்கைகளில், எச்சம் காணப்பட்டவற்றின் வரிசையில் கறிவேப்பிலையும் இடம்பெற்றது. தோலைச் சீவிவிட்டு உண்ணும் காய்களைப் போலன்றி, மருந்து நேரே படும் இலையையே நாம் அரைத்துத் துவையலாகவும் பொடியாகவும் உண்கிறோம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்தக் காரணம் ஒன்றே போதும் என்பது என் கருத்து.

கன்றைத் தேர்ந்தெடுத்தல்

புதிதாகத் தொடங்குபவர் விதையிலிருந்து தொடங்குவதைவிட, ஏறத்தாழ ஓராண்டு வளர்ந்த கன்றை வாங்குவதே நல்லது. அடித்தண்டு பென்சில் அளவுக்குத் தடித்துப் பழுப்பு நிறம் பூண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தண்டு முழுவதும் இளம்பச்சையாக இருந்தால் அது மிக இளங்கன்று. இலைகளின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்து, செதில் போன்ற பழுப்புப் புள்ளிகளோ வெண்ணிறப் பஞ்சு போன்ற படிவோ இல்லாத கன்றை எடுக்க வேண்டும். உயரத்தைக் கண்டு மயங்க வேண்டாம். மூன்றடி உயரத்தில் ஒல்லியாக நிற்கும் கன்றைவிட, ஒன்றரை அடி உயரத்தில் அடியிலிருந்தே இலை கொண்ட கன்று விரைவில் தழைக்கும். சில நாற்றங்கால்களில் ஒரே பையில் நான்கைந்து நாற்றுகளைச் சேர்த்து வளர்த்து, அடர்த்தியான செடியைப் போலக் காட்டுவார்கள். அவற்றைப் பிரிக்க முயன்றால் ஆணிவேர் அறுபடும். ஆகவே வலுவான ஒன்றை விட்டு மற்றவற்றை மண்மட்டத்தில் வெட்டிவிடுவதே சரியான வழி.

இரகங்களில் செங்காம்பு தமிழ்நாட்டில் பெயர்பெற்றது. இலைக்காம்பில் சிவப்புச் சாயல் ஓடும் இந்த இரகத்துக்கு மணம் அதிகம். கோவை மாவட்டத்தின் காரமடை, மேட்டுப்பாளையம் வட்டாரங்களில் கறிவேப்பிலை வணிகப் பயிராகவே நடக்கிறது. கர்நாடகத்தின் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட டி.டபிள்யூ.டி. 1, டி.டபிள்யூ.டி. 2 ஆகிய இரண்டும் பரவலாகப் பயிரிடப்படுகின்றன. இவற்றுள் முதலாவது குளிர்காலத்தில் குருத்து விடத் தயங்கும், இரண்டாவது அவ்வளவு தயங்காது. எந்த இரகமானாலும், வாங்குமுன் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பார்ப்பதுதான் முடிவான சோதனை. இணையத்தில் வாங்குபவர்கள் தாவரவியல் பெயரையும் சரிபார்க்க வேண்டும். முர்ராயா கோனிகி என்பது நாம் சமைக்கும் கறிவேப்பிலை. இதற்கு நெருங்கிய உறவான முர்ராயா பானிகுலாட்டா வேலிக்காகவும் வெண்ணிறப் பூவுக்காகவும் வளர்க்கப்படும் அழகுச்செடி, தாளிப்புக்கு உதவாது. கோனிகி என்ற அந்தப் பெயரும் நம் கடற்கரையோடு தொடர்புடையதுதான்: 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்து டேனிஷ் மிஷனில் மருத்துவராகப் பணியாற்றிய யோஹான் கெர்ஹார்ட் கோனிக், தென்னிந்தியத் தாவரங்களைத் திரட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பியவர்; அவர் நினைவாகவே அது சூட்டப்பட்டது.

விதையிலிருந்து வளர்க்க விரும்பினால்

கறிவேப்பிலை மரம் கோடையில் பூத்து, ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பழுக்கும். பச்சையாக இருந்து சிவந்து, பிறகு கருநாவல் நிறத்துக்கு வந்த பழங்களே விதைக்கு ஏற்றவை. இந்த விதையைக் காயவைத்து டப்பாவில் சேமிக்க முடியாது. உலர்ந்தால் முளைப்புத்திறன் வேகமாகக் குறைந்துவிடும். பழத்தைப் பிசைந்து சதையை நீக்கி, கழுவி, பறித்த மூன்று நான்கு நாட்களுக்குள் ஒரு விரல்கணு ஆழத்துக்கு மேற்படாமல் ஊன்றிவிட வேண்டும். கடைகளில் உறையில் அடைத்து விற்கும் காய்ந்த கறிவேப்பிலை விதையை நம்பிக் காத்திருப்பது வீண். புதிய விதை, ஈரமும் நிழலும் இருந்தால், இரண்டு முதல் நான்கு வாரங்களில் முளைக்கும். அதன்பின் ஓராண்டுக்கு மிக மெதுவாகவே வளரும்.

அண்டை வீட்டில் வளர்ந்த மரம் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. மரத்தைச் சுற்றி வேரிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பும். அவற்றில் ஒன்றைச் சுற்றிலும் ஆழமாகத் தோண்டி, தாய்வேரின் ஒரு துண்டோடும் தனக்கென முளைத்த சல்லிவேர்களோடும் எடுத்தால் பிழைக்கும். வெறுமனே பிடுங்கி எடுத்தால் பெரும்பாலும் காய்ந்துவிடும். மரத்தடியில் பறவை எச்சத்திலிருந்து முளைத்த நாற்றுகளும் கிடைக்கலாம். எடுத்த கன்றின் இலைகளில் பாதியை வெட்டிவிட்டு, இரண்டு வாரம் நிழலில் வைத்து, அதன் பிறகே வெயிலுக்கு நகர்த்த வேண்டும். கிளையை வெட்டி நட்டு வேர்விடச் செய்வது கறிவேப்பிலையில் எளிதன்று. புதியவர்கள் அதில் நேரம் செலவிட வேண்டாம்.

தொட்டியும் மண்ணும்

பெரிய தொட்டியில் வைத்தால் செடி பெரிதாக வளரும் என்று எண்ணி, சிறு கன்றை நேரே இருபது அங்குலத் தொட்டியில் நடுவது பலரும் செய்வது. கன்றின் சிறிய வேர்த்தொகுதி அவ்வளவு மண்ணிலுள்ள நீரை உறிஞ்ச முடியாது. மண் நாட்கணக்கில் ஈரமாகவே கிடந்து வேர் அழுகும். முதலில் பத்து அங்குலத் தொட்டி, அடுத்த ஆண்டு பதினான்கு அங்குலம், பின்னர் பதினெட்டு அல்லது இருபது அங்குலம் எனப் படிப்படியாக உயர்த்துவதே முறை. கூடுதலாக நீர் ஊற்றும் பழக்கம் உள்ளவர்களுக்கு மண்தொட்டி பாதுகாப்பானது, ஏனெனில் அதன் சுவரே ஈரத்தைக் கசியவிடும். வேலைக்குச் சென்று மாலையில் திரும்புபவர்களுக்குப் பிளாஸ்டிக் தொட்டியோ வளர்ப்புப் பையோ வசதியாக இருக்கும். எதுவானாலும் அடியில் நான்கு துளைகளாவது இருக்க வேண்டும். துளைகளின் மேல் உடைந்த ஓட்டுச் சில்லை வைத்தால் மண் அடைக்காது.

மண் கலவைக்குச் செம்மண் இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளுங்கள்; பத்து அங்குலத் தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கையும் சேர்க்கலாம். ஆற்றுமணல் கிடைக்காத இடங்களில் கட்டுமானத்துக்கு விற்கும் எம்-சாண்டைப் பொடி போகச் சலித்துக் கழுவிப் பயன்படுத்தலாம். கடற்கரை மணலைத் தொடவே கூடாது. கரிசல் மண் மட்டுமே கிடைக்கும் ஊர்களில் மணலையும் தொழுவுரத்தையும் இரட்டிப்பாக்க வேண்டும். மாடிக்குப் பாரம் ஆகாதிருக்கத் தென்னை நார்க்கழிவு சேர்ப்பவர்கள், அதை இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்து உப்பை நீக்கிய பிறகே சேர்க்க வேண்டும். அதையும் மொத்தக் கலவையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நலம்; நார்க்கழிவு நீரைப் பிடித்துவைக்கும், கறிவேப்பிலைக்கு அது தேவைப்படாது.

நட ஏற்ற காலம் ஆடி, ஆவணி. அல்லது குளிர் தணிந்த மாசி, பங்குனி. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நட்டால், வேர் பிடிக்காத கன்று வடகிழக்குப் பருவமழையில் நாள்முழுதும் நனைந்துகொண்டிருக்கும். மாலையில் நடுங்கள். பையைப் பக்கவாட்டில் கிழித்து, மண்கட்டி உடையாமல் எடுத்து, பையில் எந்த மட்டம் வரை மண் இருந்ததோ அதே மட்டத்தில் தொட்டியிலும் இருக்குமாறு வைக்க வேண்டும். தண்டை ஆழப் புதைத்தால் அடிப்பட்டை அழுகும். நட்டவுடன் தொட்டியின் அடியிலிருந்து நீர் வடியும் வரை ஊற்றி, ஒரு வாரம் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வையுங்கள்.

வெயிலும் நீரும்

ஒரு நாளில் ஐந்தாறு மணி நேர நேரடி வெயில் கிடைக்கும் இடம் வேண்டும். கிழக்கு, மேற்கு, தெற்கு நோக்கிய பால்கனிகள் பொருந்தும். வெயிலே படாத வடக்குப் பால்கனியில் செடி உயிரோடு இருக்கும், ஆனால் இலை மெலிந்து மணம் குறையும். வெயிலை விரும்பும் செடிதான் என்றாலும், சித்திரை, வைகாசி மாதங்களில் மொட்டைமாடித் தளத்தின் சூடு வேறு வகையானது. தொட்டியின் அடிவழியே ஏறும் அந்தச் சூடு வேரை வாட்டும். இரண்டு செங்கற்களின் மேல் தொட்டியை உயர்த்தி வைத்து, மண்ணின் மேற்பரப்பைக் காய்ந்த இலைச் சருகால் மூடினாலே செடி அந்த மாதங்களைத் தாங்கிவிடும்; நிழல்வலை கட்டாயமில்லை.

நீர் ஊற்றுவதற்குத் தினசரிக் கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. மண்ணில் ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் நுழைத்துப் பாருங்கள். உலர்ந்திருந்தால் மட்டும், அடியில் வடியும்வரை ஊற்றுங்கள். கோடையில் அது தினமும் தேவைப்படலாம், மழைக்காலத்தில் ஒரு வாரம் தேவைப்படாமலும் போகலாம், மார்கழியில் நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை போதும். தினமும் ஒரு குவளை தெளிப்பது மிகக் கெட்ட பழக்கம், ஏனெனில் மேல்மண் எப்போதும் ஈரமாகவும் அடிமண் எப்போதும் வறண்டும் இருக்கும். மழைக்காலத்தில் தொட்டிக்கு அடியிலுள்ள தட்டை எடுத்துவிட வேண்டும்.

நீரின் தரத்தைப் பற்றியும் பேச வேண்டும், ஏனெனில் நகரங்களில் பாதிச் சிக்கல்கள் அங்கிருந்தே வருகின்றன. பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பும் காரத்தன்மையும் மிகுந்தது. தொட்டியில் இந்த உப்பு மாதக்கணக்கில் சேர்ந்து, மண்ணின் மேல் வெள்ளைப் படலமாகத் தெரியும். இலைநுனிகள் கருகத் தொடங்கும். குடிநீர் வடிகட்டும் எந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுநீரில் உப்பு இன்னும் செறிந்திருக்கும். நீரை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தோடு அதைச் செடிக்கு ஊற்றுகிறார்கள், கறிவேப்பிலைக்கு அது தீங்கு. அரிசி, பருப்பு கழுவிய நீரைத் தாராளமாக ஊற்றலாம். மீனும் இறைச்சியும் கழுவிய நீர் நிலத்தில் நிற்கும் மரத்துக்கு நல்லது, தொட்டியில் நாற்றமும் எறும்பும் சேரும். மழைநீரைப் பிடித்துவைத்து மாதம் ஒருமுறை தொட்டி வழியே நிறைய ஓடவிட்டால் தேங்கிய உப்பு கரைந்து வெளியேறும்.

முதல் ஆண்டு

நட்ட நாளிலிருந்து செடி குறைந்தது இரண்டரை அடி உயர்ந்து, அடித்தண்டு சுண்டுவிரல் பருமன் ஆகும்வரை, சமையலுக்காக இலை பறிக்காதீர்கள். இந்த வழிகாட்டியில் கடைப்பிடிக்கக் கடினமான படி இதுதான். கண்ணெதிரே இலை இருக்கும்போது கடைக்குப் போக யாருக்கும் மனம் வராது. ஆனால் இளங்கன்றின் ஒவ்வோர் இலையும் அதன் வேருக்கு உணவு அனுப்பும் இடம். பத்து இணுக்குகள் மட்டுமே உள்ள கன்றிலிருந்து வாரம் இரண்டு இணுக்கைக் கிள்ளினால், புதிய இலை வரும் வேகத்தைவிடப் பறிக்கும் வேகம் அதிகமாகி, செடி உச்சியில் மட்டும் இலை தாங்கிய குச்சியாகிவிடும். வீட்டில் எல்லோரிடமும் இதைச் சொல்லி வையுங்கள். குழம்பு தாளிக்கும் அவசரத்தில் கை தானாகப் போகும்.

இந்த ஆண்டில் செடி அதிகம் வளர்வதாகத் தோன்றாது. மேலே இரண்டு மாதம் அசைவே இல்லாமல் இருந்துவிட்டு, திடீரென்று செந்நிறக் குருத்துகள் விடும். குருத்து விடாத நாட்களில் அவசரப்பட்டு உரம் கொட்டவோ தொட்டியை மாற்றவோ கூடாது. மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரத்தை மேல்மண்ணில் கிளறிவிட்டால் போதும். செடி இருக்கிறதா போய்விட்டதா என்ற ஐயம் எழுந்தால், தண்டின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, காத்திருக்கலாம்.

வெட்டுதல்

செடி மூன்றடி உயரத்தைத் தாண்டியதும் அதன் உச்சியைத் துணிந்து வெட்ட வேண்டும். கறிவேப்பிலையின் இயல்பு மேல்நோக்கி ஓடுவது. உச்சிக்குருத்து இருக்கும்வரை, இலைக்கணுக்களில் உறங்கும் பக்க மொட்டுகள் விழிக்காது. உச்சியை நீக்கியதும், வெட்டுக்குக் கீழுள்ள இரண்டு மூன்று கணுக்களிலிருந்து கிளைகள் புறப்படும். அந்தக் கிளைகள் ஓரடி நீண்டதும் அவற்றின் நுனியையும் வெட்டினால், ஒவ்வொன்றும் மீண்டும் கிளைக்கும். வணிகத் தோட்டங்களிலும் செடியை ஏறக்குறைய ஒரு மீட்டரில் நிறுத்தி, ஐந்தாறு கிளைகளை விட்டுப் புதராகவே வளர்க்கிறார்கள். வீட்டுத் தொட்டிக்கும் அதே வடிவம்தான் ஏற்றது.

வெட்டும் கருவி கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தி பட்டையை நசுக்கும், நசுங்கிய இடத்தில் பூஞ்சை நுழையும். ஓர் இலைக்கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, நீர் வழிந்தோடுமாறு சற்றுச் சாய்வாக வெட்டுங்கள். எந்தத் திசையில் கிளை வர வேண்டுமோ, அந்தத் திசையை நோக்கிய கணுவைத் தேர்ந்தெடுங்கள். சுவரோரம் வைத்த தொட்டியில் வெளிப்பக்கம் நோக்கிய கணுவே பயன்தரும்.

அன்றாட அறுவடையும் இதே முறையில் நடக்க வேண்டும் என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. தேவைக்கேற்ப இணுக்கில் இருந்து பத்துச் சிற்றிலைகளை மட்டும் உருவிக்கொண்டு, ஈர்க்கைச் செடியிலேயே விட்டுவிடுவது பயனற்ற வேலை. மொட்டையான ஈர்க்கு சில நாளில் காய்ந்து விழும், புதிய இலையும் வராது. அடிப்பகுதியிலுள்ள முற்றிய இணுக்குகளை மட்டுமே முறித்துக்கொண்டு வருவதும் கூடாது, அப்படித்தான் செடிகள் அடி மொட்டையாகின்றன. ஒரு கிளையின் நுனியிலிருந்து நான்கைந்து இணுக்குகளோடு சேர்த்து வெட்டி எடுங்கள். அடுத்தமுறை வேறொரு கிளையில் வெட்டுங்கள். இப்படிச் செய்தால் சமையலுக்கு இலை எடுக்கும் ஒவ்வொரு முறையும் செடி ஒரு கிளைக்கு இரண்டாகப் பெருகும். எந்த ஒரு தடவையிலும் மொத்த இலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். செந்நிறத்திலும் வெளிர்பச்சையிலும் இருக்கும் இளந்தளிரைத் தொடாதீர்கள். அதில் மணமும் நிறையாது, செடிக்கும் இழப்பு.

ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கல் கழிந்து வெயில் ஏறத் தொடங்கும் மாசி மாதத்தில், பெரிய வெட்டு ஒன்று செய்ய வேண்டும். குறுக்காக உரசும் கிளைகளையும், உள்நோக்கி வளர்ந்தவற்றையும், காய்ந்த குச்சிகளையும் அடியோடு நீக்கி, மற்றவற்றை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். குச்சியாகிப்போன பழைய செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டினாலும், வேர் நலமாக இருந்தால் சில வாரங்களில் தண்டெங்கும் துளிர்க்கும். அதுவரை நீரைக் குறைத்தே ஊற்ற வேண்டும், ஏனெனில் இலை இல்லாத செடி நீரை இழுக்காது. ஆசையோடு ஊற்றிய நீரே அதன் வேரை அழுகச் செய்யும். பெரிய வெட்டையும் தொட்டி மாற்றுவதையும் ஒரே நாளில் செய்யக் கூடாது, நடுவில் மூன்று வாரமாவது விடுங்கள்.

பூமொட்டுகள் தோன்றினால், விதை தேவைப்படாதவர்கள் அவற்றைக் கொத்தோடு கிள்ளிவிட வேண்டும். காய் பிடித்தால் தளிர்விடும் வேகம் தளர்ந்துவிடும்.

உரம், மஞ்சளிப்பு, மோர்

இலைக்காக வளர்க்கும் பயிர் என்பதால் இதற்குத் தழைச்சத்து முதன்மையாக வேண்டும். கடலைப் புண்ணாக்கை ஒரு கைப்பிடி எடுத்து, ஒரு லிட்டர் நீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தெளிந்ததைப் பத்து மடங்கு நீர் சேர்த்து இருபது நாளுக்கு ஒருமுறை ஊற்றினால் வேறெதுவும் அதிகம் தேவையில்லை. பஞ்சகவ்யம் கிடைப்பவர்கள் லிட்டருக்கு 30 மில்லி கலந்து இலைமேல் தெளிக்கலாம். செடி ஓய்வெடுக்கும் மார்கழி, தை மாதங்களில் எந்த உரமும் கொடுக்காதீர்கள்.

இலை மஞ்சளிக்கும்போது எந்த இலை, எப்படி மஞ்சளிக்கிறது என்று பார்த்த பிறகே மருந்து தேட வேண்டும். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் சீராக மஞ்சளித்து உதிர்ந்தால் தழைச்சத்துக் குறை, அல்லது வெறும் முதுமை. மண் ஈரமாகவே இருக்கச் செடி முழுவதும் தொய்ந்து மஞ்சளித்தால் வேர் மூச்சுத்திணறுகிறது, நீரை நிறுத்துங்கள். புதிய இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து நடுப்பரப்பு வெளிறினால் அது இரும்புச்சத்துக் குறை. எலுமிச்சை, நாரத்தை, வில்வம் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்ததால் கறிவேப்பிலைக்கும் அவற்றைப் போலவே இந்தக் குறை எளிதில் வரும். காரத்தன்மை மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. நாட்டு மருந்துக் கடையிலும் உரக் கடையிலும் கிடைக்கும் அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு சேர்த்து, மாலையில் இலைகளில் தெளித்தால் இரண்டு வாரங்களில் பச்சை திரும்பும்.

புளித்த மோர் ஊற்றும் வழக்கத்தை மதிக்கிறேன், அதற்கு அடிப்படையும் இருக்கிறது. மோரின் புளிப்பு, காரமான மண்ணைச் சிறிது காலத்துக்குத் தணித்து, பூட்டிக்கிடக்கும் சத்தை வேருக்குத் திறந்துவிடுகிறது. அதனால்தான் உப்புநீர் ஊர்களில் அதன் பலன் கண்கூடாகத் தெரிகிறது. உப்பிடாத மோராக இருக்க வேண்டும், பத்து மடங்கு நீர் கலக்க வேண்டும், மாதம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம். அதையே முழு உணவாக எண்ணிச் சாணஎருவை நிறுத்திவிடக் கூடாது.

பூச்சிகள்

முதலில் வருபவை எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள். இளம்புழு பறவை எச்சம் போலப் பழுப்பும் வெள்ளையுமாக இலைமேல் ஒட்டியிருக்கும். வளர்ந்தபின் பச்சையாகி இலையோடு இலையாக மறைந்துவிடும். இரண்டே நாளில் சிறு செடியை மொட்டையாக்கும் அளவுக்குத் தின்னும். இதற்கு மருந்து தேவையே இல்லை. காலையில் செடியைச் சுற்றிப் பார்த்துக் கையால் எடுத்துவிடுங்கள். வளர்ந்த மரத்தில் இருந்தால் நான் எடுக்கச் சொல்லமாட்டேன், அந்த அளவு இலையை மரம் தாங்கும்.

சைலிட் எனப்படும் சிறு தாவும் பூச்சி தளிர்களில் சாறு உறிஞ்சும். குருத்து சுருண்டு, அதில் வெண்ணிற மெழுகு நூல்கள் தெரிந்தால் அதுதான். சுருண்ட நுனியை வெட்டி அப்புறப்படுத்துவதே விரைவான தீர்வு. மாவுப்பூச்சி, செதில்பூச்சி, வெள்ளை ஈ ஆகியவை தேன் போன்ற பிசுபிசுப்பைச் சுரக்க, அதில் கரும்பூசணம் படர்ந்து இலை கரிபூசியதுபோல் ஆகும். எறும்புகள் தண்டில் ஏறி இறங்குவதைக் கண்டால் இவை எங்கோ இருக்கின்றன என்று பொருள். நீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது காதி சோப்புக் கரைசலோடு கலந்து, இலையின் அடிப்புறம் நனையுமாறு மாலையில் தெளியுங்கள். வாரம் ஒருமுறையாக மூன்று வாரம் தொடர வேண்டும். வெயிலில் தெளித்தால் இலை கருகும். தெளித்தபின் ஒரு வாரம் இலை பறிக்காதீர்கள்.

இந்தச் சைலிட் பூச்சி, உலகெங்கும் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்துவரும் பச்சையாதல் நோயைப் பரப்புவது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் அந்த நோய் 2005-இல் கண்டறியப்பட்டது. அங்கும் கலிபோர்னியாவிலும் கறிவேப்பிலைக் கன்றை ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் கொண்டுசெல்லக் கட்டுப்பாடுகள் உள்ளன. ஆகவே வெளிநாட்டில் வாழும் உறவினருக்குப் பெட்டிக்குள் வைத்துக் கன்று அனுப்பாதீர்கள். அவர்கள் தம் ஊரிலேயே உரிமம் பெற்ற நாற்றங்காலில் வாங்கிக்கொள்வதுதான் சரி.

குளிர் ஊர்களில்

டொராண்டோ, இலண்டன் போன்ற ஊர்களில் வளர்க்கும் தமிழர்கள், இரவு வெப்பம் 10 டிகிரியை நெருங்குவதற்கு முன்பே தொட்டியை வீட்டுக்குள் எடுத்து, தெற்கு நோக்கிய சன்னலருகே வைக்க வேண்டும். உறைபனி ஓர் இரவு பட்டாலும் செடி போய்விடும். உள்ளே வந்ததும் இலை கொட்டுவது இயல்பு. மண் நன்றாகக் காய்ந்த பிறகே நீர் ஊற்றி, வசந்தம் வரை உரமில்லாமல் விடுங்கள்; பகல் நீளத் தொடங்கியதும் துளிர்க்கும். வெப்பமூட்டியின் காற்று நேரே படக் கூடாது. நம் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இதே கவனம் தேவை.

நிலத்தில் நடுபவர்களுக்கு

நிலம் இருப்பவர்கள் தொட்டியை மறந்துவிட்டு நிலத்திலேயே நடுங்கள். ஒன்றரை அடி நீள, அகல, ஆழக் குழி தோண்டி, எடுத்த மண்ணோடு பாதியளவு தொழுவுரம் கலந்து நிரப்பி, சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி நட்டால் போதும். பாத்திரம் தேய்க்கும் சோப்புநீர் நேரே அடியில் பாயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மரம் பதினைந்து அடிக்கும் மேல் ஓடக்கூடியது. எட்டாத உயரத்தில் இலை இருந்து பயனில்லை என்பதால், ஆறடியில் நிறுத்தி ஆண்டுதோறும் வெட்டுங்கள். பக்கக் கன்றுகளை அவ்வப்போது நீக்கி, கேட்பவர்களுக்குக் கொடுங்கள்.

மாசி மாதப் பெரிய வெட்டில் ஒரே நாளில் கூடை நிறைய இலை சேரும். அன்றைக்கு வேண்டியதைப் பச்சையாக எடுத்துக்கொண்டு, மீதியில் ஒரு பகுதியைக் கழுவாமல் காகிதத்தில் சுற்றி மூடிய டப்பாவில் வைத்தால் குளிர்பெட்டியில் இரண்டு வாரம் இருக்கும். எஞ்சியதைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, வெயில் படாத இடத்தில் துணியில் பரப்பி மூன்று நான்கு நாள் உலர்த்துங்கள். கையில் நொறுங்கும் பதம் வந்ததும் உளுத்தம்பருப்பு, மிளகு, காய்ந்த மிளகாய், புளி சேர்த்து வறுத்துப் பொடித்தால், செடி மறுபடி துளிர்த்து இலை கொடுக்கும்வரை சோற்றுக்கு அந்தப் பொடி போதும்.